முயல் அழும் பெட்டி

அமெரிக்காவின் வயோமிங்கில் ஏப்ரல் மாதம் ஆட்டுக்காரனுக்குத் தூக்கம் கிடையாது. அது ஆடுகள் ஈனும் மாதம். ஈன்ற குட்டி எழுந்து நிற்பதற்குள் அதற்குப் பனி, சேறு, பருந்து என்று பத்து எமன்கள் காத்திருப்பார்கள். அத்தனை பேரையும் விட மோசமானவன் கயோட்டி. ஓநாய்க்குத் தம்பி, நரிக்கு அண்ணன், இருவரின் திருட்டுப் புத்தியையும் தனக்கே எழுதி வாங்கிக்கொண்ட பயல். அந்த வருஷம் வெர்லினின் பட்டியில் ஒரே ஒரு கயோட்டி பதினோரு குட்டிகளைத் தூக்கியிருந்தது.

அதைச் சுட வெர்லின் என்னென்னவோ செய்து பார்த்தான். வாயில் வைத்து ஊதுகிற ஊதல் ஒன்று அவனிடம் உண்டு. அடிபட்ட முயல் கதறுவது போலவே கேட்கும். சும்மா கிடைக்கிற சாப்பாடு என்று நினைத்துக் கயோட்டி ஓடி வரும். ஆனால் இந்தக் கிழட்டுக் கயோட்டி படித்த கயோட்டி. சத்தம் வருகிற இடத்தைச் சுற்றி வளைத்து, காற்றில் மனித வாடையைப் பிடித்து, போய்க்கொண்டே இருந்தது. சத்தம் ஓரிடத்தில், துப்பாக்கி வேறிடத்தில் இருந்தால்தான் அது ஏமாறும்.

"கடையில ரிமோட்டோட விக்கிறான், போய் வாங்கித் தொலையேன்டா" என்றான் பக்கத்துப் பண்ணை டெல்மர், வேலிக்கு அந்தப் பக்கம் நின்று. "தாத்தா காலத்து டிராக்டரையே ஒட்டுப்போட்டு ஓட்டுற கஞ்சன் நீ. செத்தா சவப்பெட்டியைக்கூட நீயேதான் பழைய பலகையில அடிச்சுக்குவ."

சொல்லி முடித்ததும் டெல்மரின் முகம் செத்துவிட்டது. போன ஏப்ரலில் வெர்லின் அப்படி ஒரு பெட்டி அடித்திருந்தான். இரண்டரையடி நீளம். மகள் ஓப்பலுக்கு அப்போது நான்கு மாதம்.

"மன்னிச்சுக்கடா" என்றான் டெல்மர்.

"விடு. உங்கிட்ட பழைய ஹாரன் ஸ்பீக்கர் கெடக்குமே, அதக் குடு" என்றான் வெர்லின்.

அந்த ஸ்பீக்கர் ஒரு காலத்தில் காளை அடக்குகிற ரோடியோ மைதானத்தில் கத்திக்கொண்டிருந்தது. ஓடாத லாரியின் ரேடியோவிலிருந்து ஆம்ப்ளிஃபயரைக் கழற்றினான். புல்வெட்டும் வண்டியின் பேட்டரி கிடைத்தது. எல்லாவற்றையும் காலியான தோட்டாப் பெட்டிக்குள் அடைத்தான். தன் ஊதலைத் தானே ஊதி, செல்போனில் பதிவு செய்துகொண்டான். போனிலிருந்து பெட்டிக்கு நூற்றைம்பதடி வயர் இழுத்தான். மறுநாளே ஆடுகள் அதை மிதித்துப் பிய்த்துப் போட்டன.

இனி வயர் இல்லாமல் சத்தத்தை அனுப்பவேண்டும். அப்படி அனுப்புகிற சாமான் அந்தப் பண்ணையில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. எங்கே இருக்கிறது என்று வெர்லினுக்குத் தெரியும். தெரிந்தே மூன்று நாள் வேறெதையெல்லாமோ தேடினான்.

அது குழந்தையின் அழுகையைக் கேட்க வாங்கிய மெஷின். தொட்டிலருகே ஒரு பெட்டி, பெரியவர்கள் பக்கத்தில் ஒரு பெட்டி. குழந்தை அங்கே சிணுங்கினால் இங்கே கேட்கும். இரண்டும் வாத்துப் படம் போட்ட வெள்ளைப் பெட்டிகள். ஓப்பல் போன அன்று அவன் மனைவி நோரீன் கொட்டகையில் தாயில்லாக் குட்டிகளுக்குப் பால் புகட்டப் போயிருந்தாள். மத்தியானம். குழந்தை மாடியில் தூங்கியது. வெர்லின் கீழே, சமையலறை மேசையில், அந்த வாத்துப் பெட்டிக்கு எதிரே உட்கார்ந்திருந்தான். டெல்மர் போன் செய்தான். வாத்து ஓயாமல் உஸ்ஸென்று இரைந்துகொண்டிருந்தது. பேச்சு காதில் விழவில்லை. வெர்லின் அதன் சத்தத்தைக் குறைத்தான். பிறகு நோரீன் உள்ளே வந்து, கை கழுவி, மாடிக்குப் போனாள்.

இப்படிப்பட்ட சாவில் குழந்தை அழுவதே இல்லை, தூக்கத்திலேயே போய்விடும் என்று டாக்டர் சொன்னார். அழுததா, அழவில்லையா என்பது வெர்லினுக்கு மட்டும் எந்நாளும் தெரியப்போவதில்லை. "ஒரு சத்தமும் கேக்கலையா?" என்று நோரீன் அவன் சட்டையைப் பிடித்து உலுக்கியபோது, "மெஷின் கெட்டுப்போச்சு போல" என்று வாயில் வந்ததைச் சொல்லிவிட்டான். அந்த ஒரு பொய்யின் மேல்தான் அந்த வீடு ஒரு வருஷமாக நின்றுகொண்டிருந்தது. நோரீன் மெஷின் செய்த கம்பெனிக்கு மூன்று கடிதம் எழுதினாள். திட்ட ஒரு ஆள் இருந்ததால் அவளால் சோறு தின்ன முடிந்தது. மெஷினைக் குப்பைக்குழியில் போட்டுவிட்டேன் என்று வெர்லின் சொல்லியிருந்தான். போடவில்லை. நல்ல நிலையில் இருக்கிற ஒரு சாமானை எறிய அந்த ஊர் ஆட்டுக்காரனுக்குக் கை வராது. கொட்டகையில் மருந்து டப்பாக்களுக்குப் பின்னால் ஒளித்து வைத்தான்.

புதன்கிழமை காலை நோரீன் பஃபலோ டவுனுக்கு, குட்டிகளுக்குப் பால்பவுடர் வாங்கக் கிளம்பினாள். அவள் வண்டி மறைந்ததும் வெர்லின் வாத்தைப் பிரித்து, அதன் குட்டி ஸ்பீக்கருக்குப் போகிற இரண்டு கம்பிகளை ஆம்ப்ளிஃபயரோடு பற்றவைத்தான். பெட்டியைப் பள்ளத்தில், சேஜ் புதருக்குள் வைத்தான். தொட்டிலருகே இருந்த மறு பெட்டியையும் செல்போனையும் சேர்த்து, காற்று இரைச்சல் புகாமல் ஒரு கம்பளிக் காலுறைக்குள் திணித்தான். துப்பாக்கியோடு மேட்டில் படுத்துக்கொண்டு போனை ஓடவிட்டான்.

பள்ளத்திலிருந்து முயல் வீறிட்டது. நூற்றைம்பது கஜத்திலிருந்து, சுத்தமாக, ஒரு கரகரப்புக்கூட இல்லாமல். முப்பது வருஷமாக ஊதுகிறவனுக்கு அது முயல். முயல் தவிர வேறெதுவாகவும் அது அவன் காதில் விழுந்ததில்லை.

கால் மணி நேரத்தில் பள்ளத்துப் புதர்கள் அசைந்தன. வெர்லின் தொலைநோக்கியில் கண்ணை வைத்தான். நோரீன். ஓடையில் வெள்ளம் வந்து பாதையை மூடியிருக்கிறது. வண்டியைச் சேற்றில் விட்டுவிட்டு நடந்தே திரும்பியிருக்கிறாள். இப்போது ஓடி வந்துகொண்டிருந்தாள். விழுந்தாள், எழுந்தாள், ஒரு பூட்ஸ் சேற்றோடு போயிற்று, அதை விட்டுவிட்டு ஓடினாள்.

"ஓப்பல்! இதோ வந்துட்டேன்! அம்மா வந்துட்டேன்டா!"

வெர்லின் துப்பாக்கியை அப்படியே போட்டுவிட்டு இறங்கினான். போனை நிறுத்தவேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. அவன் வருவதற்குள் அவள் புதரை விலக்கிப் பெட்டி முன்னால் மண்டியிட்டிருந்தாள்.

"முயல் நோரீன், வெறும் முயல்தான். நான் ஊதினது. கயோட்டிக்காக..."

அவள் பெட்டிக்குள் பார்த்தாள். வாத்தின் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"இது கெட்டுப்போச்சுன்னு சொன்ன."

பெட்டியிலிருந்து அழுகை நிற்காமல் வந்துகொண்டிருந்தது. ரிப்பேர் செய்தேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நம்பிவிடுவாள். எதையும் ரிப்பேர் செய்கிறவன் என்றுதான் அவனுக்கு ஊரில் பெயர். அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. அவளுடைய ஒற்றைக் காலில் ரத்தத்தைப் பார்த்தான்.

"கெட்டுப்போகல. நான்தான் சத்தத்தக் குறைச்சேன்."

"எவ்வளவு?"

"முழுசா."

"எவ்வளவு நேரம்?"

"நாப்பது நிமிஷம் இருக்கும். டெல்மர் போன் பண்ணான். கயோட்டி வந்துருக்குன்னு... ஓப்பல் அழுதுருக்காது நோரீன். டாக்டர்தான் சொன்னாரே."

"டாக்டரா அங்க உக்காந்திருந்தாரு? நீதான உக்காந்திருந்த?"

அவள் அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் அவனைப் பார்க்கக்கூட இல்லை. அவனுக்குப் பின்னால் எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். வெர்லின் திரும்பினான்.

எதிர்ச் சரிவில் கயோட்டி நின்றிருந்தது. ஒரு மைல் தள்ளி எங்கோ படுத்திருந்து, சத்தத்தைக் கேட்டு, பனியும் சேறுமாக ஓடி வந்து மூச்சு வாங்கியது. இரண்டு மனிதர்கள் இருப்பதைப் பார்த்தும் போகவில்லை. காதுகளை நிமிர்த்தி, அழுகை வரும் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தது.

"அதுகூட வந்துடுச்சு பாரு" என்றாள் நோரீன்.