சொல்லின்றிச் சுற்றிய மூன்றாஞ் சுற்று

கல்முனைக் கடற்கரையை அடுத்த அவ்வீட்டின் நடுக்கூடத்தில் அன்று இருந்தோர் நால்வரே: எண்பதை எட்டியும் முதுகு வளையாத கச்சிமுகம்மது, அவருக்கு மூத்தவரும் பார்வை மங்கியவருமான தமக்கை ஸுல்பிகா, தமக்கையின் மகன் பஸால், பழம்பாடல்களைத் தேடிப் பதிப்பிக்கும் பணியினளாய்ச் சம்மாந்துறையிலிருந்து வந்திருந்த றுமானா. ஐந்தாமவராய்த் தாமும் இருந்ததாகப் பின்னாளில் சொல்லித் திரிந்தோர் எவரும் அங்கு இருந்திலர்.

கிழக்கே, பகலெல்லாம் வெயிலைச் சுமந்து சலித்த கடல், மூச்சுவாங்கும் முதியவரைப் போலக் கரையேறியும் மீண்டும் இறங்கியும் அலைந்துகொண்டிருந்தது. மேற்கே, அறுவடை முடிந்து வெளிறிய வயல்கள் வானத்தின் விளிம்புவரை கிடக்க, நெல் சுமந்த வண்டிகள் புழுதியை எழுப்பியவாறு ஆலைகளை நோக்கி ஊர்ந்தன. இவ்விரண்டிற்கும் இடையே நெருங்கிக் கிடந்த ஊரிலோ, பேருந்துகளும் முச்சக்கர வண்டிகளும் ஒன்றையொன்று அதட்டியபடி நகர, பள்ளிவாசல்தோறும் எழுந்த பிற்பகல் தொழுகையின் அழைப்பு ஒன்றன்மேல் ஒன்றாய்ப் படிந்து அடங்கியது. தொழுது முடித்து வந்து அமர்ந்த கச்சிமுகம்மதின் முகத்தில், தொழுகையும் ஆற்றாத களைப்பொன்று தங்கியிருந்தது.

கற்றறிந்த வாசகரே, அக்களைப்பின் காரணம் ஒரு பாட்டு. ஐரோப்பியர் தம்முட் பொருத முதற் பெரும்போரின்போது, கடல்கடந்து வந்த அரிசி நின்று, ஊரார் காட்டுக்கிழங்கு தோண்டி உண்ட நாளில், இவ்வுடன்பிறந்தாரின் தாயைப் பெற்ற முகம்மது தம்பிப் புலவர் பஞ்சக் கும்மி என்றொரு நூலை இயற்றினார். கலவரத்தை அடக்க ஆங்கில அரசு நாட்டிற் பிறப்பித்த படைச்சட்டம் ஓய்ந்தும் அதன் அச்சம் அப்போதும் நீங்கியிராமையால், மன்னர் வாழ்த்தில்லாத நூலை அச்சேற்ற அச்சகத்தார் மறுத்தனர். பசித்தோரின் குரலை எவ்வாறேனும் அச்சிற் காண விழைந்த புலவர், இறைவாழ்த்துக்கும் நபிவாழ்த்துக்கும் அடுத்த மூன்றாம் பாட்டாக, ஆங்கில மன்னனைப் புகழ்ந்து ஒன்றை எழுதிச் சேர்த்தார். நூறாண்டாக எவரும் பொருட்படுத்தாத அப்பாட்டை அண்மையில் யாரோ கைப்பேசிகளின் வழியே ஊரெங்கும் பரப்பிவிட்டனர். அன்றுமுதல், கச்சிமுகம்மது கடைத்தெருவிற் கால்வைத்த போதெல்லாம், தேநீர்க்கடை ஜவுபர் தம் ஆட்களை நோக்கி உரக்கக் கூவலானார்:

“துரைக்குச் சலாம் போட்ட புலவர்ர பேரன் வாறார், கதிரையத் துடைங்கடா!”

ஆகவே, நூலை மீண்டும் அச்சிட இசைவு கேட்டுவந்த றுமானாவிடம் அவர் முடிவாகச் சொன்னார்: “மூணாம் பாட்ட எடுத்துப்போட்டு அடிங்க. இல்லாட்டிப் புத்தகமே வேணாம்.”

“ஹாஜியார், அந்தப் பயத்த எடுத்தா அந்தக் காலத்தையும் எடுத்த மாதிரித்தானே? மறுகா அது என்ன பஞ்சக் கும்மி?”

“காலம் உங்களுக்கு, மகள். வெக்கம் எனக்கு.”

“மாமா, பழைய பிரதி எல்லார்ர போன்லயும் கிடக்கு. நாம எடுத்தா இன்னும் சிரிப்பானுகள்” என்றான் பஸால்.

“ஜவுபர்ர கடையில ஓசித் தேத்தண்ணி குடிக்கிறவன் நீ. உனக்கென்ன வெக்கம்?”

அதுவரை தலைசாய்த்துக் கேட்டிருந்த ஸுல்பிகா மெல்ல நகைத்தார். “மூணாவதா? அதுல பாட்டெங்க இரிக்கி? அல்லாஹ்வுக்கு ஒரு சுத்து, றசூலுல்லாக்கு ஒரு சுத்து. மறுகா வாய மூடிக்கிட்டு, கைய மட்டும் கொட்டி ஒரு சுத்து. நாலாவதுலதான் பஞ்சம் வரும். உம்மா அப்பிடித்தான் பழக்கினா. அவவுக்கு அவட வாப்பா, நம்மட மூத்தாப்பா பழக்கினது.”

“ஏன் எண்டு கேக்கல்லயா, ராத்தா?” என்று தமக்கையைக் கேட்டார் கச்சிமுகம்மது.

“கேட்டன். ‘அந்த இடத்துல இரிக்கிறது அச்சுக்காரனுக்கு எழுதினது, எங்கட வாயிக்கில்ல’ண்டு மூத்தாப்பா சொன்னாராம்.”

சிறுவனாய், திருமண வீடுகளின் சுவருக்கு அப்பாலிருந்து கேட்ட அவ்வெறும் கைத்தாளம் கச்சிமுகம்மதின் செவியில் மீண்டும் எழுந்தது. பெண்கள் மூச்சுவாங்க நிற்கின்றனர் என்றே அன்று எண்ணியிருந்தார்.

“இத்தின வருசம் ஏன் சொல்லல்ல?”

“நீ எப்ப தம்பி கேட்ட? ஆம்புளயள் புத்தகத்தப் பெட்டியில வெச்சிப் பூட்டினயள். அதுல என்ன எழுதியிரிக்கெண்டு எங்களுக்கு யாரு வாசிச்சுக் காட்டின?”

நூலை ஆடவரும் பாடலைப் பெண்டிரும் தனித்தனியே காத்துவந்த அக்குடியில், இரண்டையும் ஒருசேர வைத்துப் பார்க்க ஒருவருக்கும் தோன்றாமலே நூறாண்டு கழிந்திருந்தது. சுமையிறக்கியவரின் தளர்ந்த குரலில் கச்சிமுகம்மது றுமானாவிடம் சொன்னார்: “முழுசாப் போடுங்க. கீழ சாட்டுச் சொல்லி ஒரு குறிப்பும் எழுத வேணாம். எங்கட மூத்தாப்பா பயந்தும் இரிக்கார், பயப்படாமலும் இரிக்கார். வெளியீட்டண்டு ராத்தா பாடட்டும்.”

“ஓம், பாடுவன்” என்றார் ஸுல்பிகா.

வெளியீட்டு நாளில், மகளிர் பகுதியில் இருக்கையில் அமர்ந்தபடியே அவர் முதலெடுக்க, வீட்டுப்பெண்கள் அவரைச் சூழ்ந்து வந்து பாடினர். இரண்டு சுற்று முடிந்தது. மூன்றாஞ் சுற்றில் மன்றத்தார் அனைவரும் மன்னனின் புகழ் அச்சிடப்பட்ட பக்கத்தை மடியில் விரித்திருக்க, திரைக்கப்பாலிருந்து கைகளின் ஓசை மட்டுமே வந்தது. கடைசி வரிசையிலிருந்த ஜவுபர் தலைகுனிந்து நூலையே நோக்கினார். கச்சிமுகம்மது நிமிர்ந்த முதுகுடன், எவரையும் பாராது இருந்தார்.

அதன்பின், கச்சிமுகம்மது குடிப்பெருமை காக்க மூன்றாம் பாட்டை நூலினின்று நீக்கிவிட்டார் என்றும், அதனாலேயே பாடியோர் அவ்விடத்திற் சொல் மறந்து தடுமாறினர் என்றும் கல்முனையில் ஒரு பேச்சு உலவுகிறது. அது பொய். மூன்றாம் பாட்டு நூலில் இருக்கிறது. பாடியோர் தடுமாறவில்லை.