டிரம் எண்ணெய்

பொக்லைன் இயந்திரத்தின் கையைத் தூக்குவதும் இறக்குவதும் ஹைட்ராலிக் ஆயில்தான். அது கெட்டால் தூக்கிய கை நின்ற இடத்தில் நிற்காது. ஐந்நூறு மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை ஒரு சின்ன பாட்டிலில் எண்ணெய் பிடித்துப் பரிசோதனைக்கு அனுப்புவது, வண்டிகளைப் பழுதுபார்க்கும் பிட்டரின் வேலை. இந்த முறை டேங்க்கைத் திறந்தால், எண்ணெய் பால் ஊற்றிய டீ மாதிரி இருந்தது. உள்ளே தண்ணீர் இறங்கிவிட்டது.

"இத அனுப்பினா வண்டிய ஒரு மாசம் ஓரம் கட்டிடுவாங்க மாப்ள," என்றான் ஆபரேட்டர். பிட்டரின் மனைவிக்கு அண்ணன். வண்டி நின்றால் அவனை வாசல் காவலுக்குப் போடுவார்கள். சீட்டில் உட்கார்ந்து பழகியவனுக்கு அது செருப்படி. பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டு போய்ப் புது எண்ணெய் டிரம்மிலிருந்து நிரப்பி வந்தான். பிட்டர் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டான். மச்சானைப் பகைத்துக்கொண்டு வீட்டில் நிம்மதியாகத் தூங்க முடியுமா?

ரிசல்ட் வந்தது. தண்ணீர் இல்லை, தூசி இல்லை. வேலையிடத்தைக் கவனிக்கும் மேற்பார்வையாளர் அம்மாவுக்கு வாயெல்லாம் பல்.

"இருக்கற அஞ்சு வண்டியில இதுதான் நம்பிக்கையான வண்டி. பள்ளத்துல குழாய் இறக்க இதையே விடுங்க."

பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டும் என்பார்கள். இது ரொம்பவே பொருந்திவிட்டது.

பள்ளம் இரண்டு ஆள் ஆழம். குழாயை வாங்கிப் பொருத்தக் கீழே நான்கு பேர். பிட்டர் மச்சானைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிப் பார்த்தான்.

"ஒண்ணும் ஆகாது மாப்ள. மெதுவா இறக்கறேன். நீ வாய மூடிட்டு இரு."

குழாயைச் சங்கிலியில் கட்டியாயிற்று. பிட்டர் ஏணி வழியாகப் பள்ளத்தில் இறங்கினான். "கொஞ்சம் மேல போங்கண்ணே, ஒரு அளவு பாக்கணும்," என்று நால்வரையும் ஏற்றி அனுப்பிவிட்டு, குழாய் வந்து இறங்கும் இடத்தில் தனியாக நின்றுகொண்டான்.

"தூக்குங்க மச்சான்! ரிசல்ட்தான் நல்லா வந்திருக்கே!"

"யோவ் மாப்ள, விளையாடாத. வெளிய வா!"

"ஏதாவது ஆச்சுன்னா உங்க தங்கச்சிகிட்ட நீங்கதான் சொல்லணும். தூக்குங்க."

எஞ்சின் உறுமிக்கொண்டே இருந்தது. லிவரைப் பிடித்த கை அசையவில்லை. வேலை நேரத்தில் இதென்ன குடும்பச் சண்டை என்று மேற்பார்வையாளர் அம்மா இருவரையும் மாறி மாறி முறைத்தார்.

எஞ்சின் நின்றது. ஆபரேட்டர் கீழே இறங்கி நேராக அவர் முன்னால் போய் நின்றான்.

"பாட்டில்ல போனது டிரம் எண்ணெய்ம்மா," என்றான். "வண்டியில இருக்கறத நீங்களே வந்து பாருங்க."