ஷேனின் சித்தி

பஸ்ஸிலிருந்து இறங்கியதும் க்ளெனிஸ் நிழலைத் தேடினாள். ஒரு மரம்கூட இல்லை. காலை ஒன்பது மணிக்கே தரை கொதித்தது. ஊரைச் சுற்றிக் கண்ணுக்கெட்டிய வரை வெளிறிய மண்குவியல்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் யாரோ ஓபல் ரத்தினக்கல் தேடித் தோண்டிய குழி. ஈக்கள் கண்ணோரத்தில் வந்து உட்கார்ந்தன.

பெட்ரோல் பங்கில் மகனின் பெயரைச் சொல்லி வழி கேட்டாள். கல்லாவில் இருந்த பெண் சில்லறை எண்ணுவதை நிறுத்தினாள். "ஸ்லாவ்கோ கிழவர்கிட்ட போங்க. ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் தோண்டிட்டிருந்தாங்க. பாதைய விட்டு இறங்கிடாதீங்க, எல்லாம் குழி."

ஷேன் இறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. வண்டி நடுப் பாலைவனத்தில் நின்றுபோய், தண்ணீர் தீர்ந்து, நடந்திருக்கிறான். அன்று நாற்பத்தேழு டிகிரி. போலீஸ்காரர் போன வாரம்தான் அவளுக்குப் போன் செய்தார். "உங்களக் கண்டுபிடிக்க நாளாயிடுச்சும்மா. ஊர்க்காரங்களே அடக்கம் பண்ணிட்டாங்க." ஏன் நாளானது என்று அவள் கேட்கவில்லை.

ஸ்லாவ்கோவின் வீடு குன்றைக் குடைந்து செய்தது. கதவுக்கு உள்ளே சட்டென்று குளிர்ந்தது. சுவரெங்கும் இயந்திரம் சுரண்டிய வரிகள். எழுபது வயது மனிதர் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, "நீங்க ஷேனுக்கு யாரு?" என்றார்.

"சொந்தம்."

"சொந்தமா? தனக்கு யாருமே இல்லன்னானே. அப்பா முகமே தெரியாது, அம்மாவும் செத்துட்டாங்கன்னு சொன்னான்."

க்ளெனிஸ் சுவரைப் பிடித்துக்கொண்டாள். மண் உள்ளங்கையில் உதிர்ந்தது.

"நான்... அவன் சித்தி."

"சித்தியா! உக்காருங்க, உக்காருங்க." ஸ்லாவ்கோ தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். யாரிடமாவது அவனைப் பற்றிப் பேசக் காத்திருந்தவர் போலிருந்தார். "உங்க அக்கா பொறந்த நாளன்னைக்குக் குழிக்குள்ள இறங்க மாட்டான், தெரியுமா? ஆட்டுக்கறி வறுப்பான். மத்த நாள்ல அவன் சமையல நாய் தொடாது, அன்னைக்கு மட்டும் நல்லா இருக்கும். மார்ச்சுல வரும்ல?"

"ஒன்பதாம் தேதி."

"அதேதான். புத்துநோயில போனாங்களாமே. கடைசி நாள் முழுக்க இவன் கையப் புடிச்சுட்டே இருந்தாங்களாம். 'நீ ஒரு தப்பும் பண்ணல கண்ணு'ன்னு சொல்லிட்டுத்தான் கண்ண மூடினாங்களாம். இத எத்தன தரம் சொல்லியிருப்பான்!"

பதினோரு வருடங்களுக்கு முன், அவளுடைய இரண்டாவது கணவன் ரான் சமையலறையில் ஷேனின் முகத்தில் குத்தினான். பல் உடைந்தது. பத்தொன்பது வயதுப் பையன் அவளைத்தான் பார்த்தான். "நீதான ஆரம்பிச்ச, போய் மன்னிப்பு கேளு," என்றாள் அவள். ஷேன் தொட்டியில் ரத்தத்தைத் துப்பி, கறை போகும்வரை கழுவிவிட்டு, ஷூவை மாட்டிக்கொண்டு போனான். ரான் இறந்தும் இரண்டு வருடம் ஆகிவிட்டது. தேடிப் போகலாம் என்று ஒவ்வொரு மாதமும் நினைத்தாள். எந்த முகத்தோடு போவது என்பதிலேயே மாதங்கள் போயின.

ஊருக்கு வெளியே இருந்த கல்லறைத் தோட்டத்துக்கு ஸ்லாவ்கோ அவளைத் தன் வண்டியில் அழைத்துப் போனார். செம்மண் மேட்டின் தலைமாட்டில் ஒரு மரப்பலகை, அதில் ஷேனின் பெயர் மட்டும். அவர் வண்டியிலிருந்து பெயிண்ட் டப்பாவையும் தூரிகையையும் எடுத்து வந்தார்.

"கீழ அவன் அம்மா பேரையும் போடணும்னு எனக்கு ஆசை. அவன் எப்பவும் 'எங்கம்மா, எங்கம்மா'ம்பான். பேரச் சொன்னதே இல்ல. என் கையி நடுங்கும், நீங்களே எழுதுறீங்களா? அவங்க செத்த வருஷத்தையும் போட்டுடுங்க."

நான்தான் அந்த அம்மா என்று சொல்ல வாய் திறந்தாள். அந்தக் கிழவரின் முகத்தைப் பார்த்தாள். கையைப் பிடித்துக்கொண்டு செத்துப்போன ஒரு நல்ல அம்மா அந்த முகத்தில் இருந்தாள். ஷேன் அவ்வளவு பாடுபட்டு உண்டாக்கியவள்.

மண்டியிட்டாள். மண் முழங்காலைச் சுட்டது. தன் பெயரை எழுதினாள். வருடம் எழுத வேண்டிய இடத்தில் தூரிகை நின்றது. பிறகு, அவன் ஷூவை மாட்டிக்கொண்டு போன வருடத்தை எழுதத் தொடங்கினாள்.

வெயிலில் ஒவ்வொரு எண்ணும் அடுத்ததை எழுதுவதற்குள் காய்ந்தது. ஸ்லாவ்கோ தன் தொப்பியைக் கழற்றி, அவள் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றார்.