உள்வாசல் அனுமதி

கப்பல் கட்டும் தளத்தின் வரைபடப் பிரிவை உள்வாசலுக்கு அப்பால் மாற்றப்போகிறார்கள். பாதுகாப்பு அனுமதி கிடைத்தவர்களுக்கு அங்கே மேசை, கிடைக்காதவர்களுக்கு வீடு. இருபது வருஷம் கோடு போட்ட வரைவாளருக்கு வீட்டில் உட்காருகிற வயதில்லை, வேறு வேலை தேடுகிற வயதும் இல்லை.

விசாரணை அதிகாரி கோப்பிலிருந்து பழுப்பேறிய காகிதம் ஒன்றை எடுத்து வைத்தார். பதினோரு வருஷத்துக்கு முந்தைய மொட்டைக் கடிதம். அந்தப் பிரிவில் ஒருவன் படங்களை வெளியே விற்கிறான் என்றது. அத்தனையும் பொய். கையெழுத்தை மாற்றி எழுதிய புத்திசாலி, எழுத்து நேராக வர வரிக்கு வரி பென்சில் கோடு போட்டிருந்தான். தொழில் புத்தி எங்கே போகும்?

"நீங்க எழுதினதா?"

வரைவாளர் தலையாட்டினார். அன்று பதவி உயர்வுக்கு இரண்டு பேர் நின்றார்கள். மற்றவன் அவர் மனைவியின் தம்பி.

"பழைய தப்பு, அதை நான் பெருசு பண்ணலை," என்றார் அதிகாரி. "ஆனா இதை மறைச்சு வச்சிருந்தா, எவனாவது உங்களை மிரட்டிப் படத்தைக் கேப்பான். வீட்ல சொல்லிட்டு, நாளைக்கு அவங்களைக் கூட்டிட்டு வாங்க. ரெண்டு கேள்வி, ஒரு கையெழுத்து."

சாயங்காலம் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். பின்னறையில் தம்பி, நாளைக்கென்று மாமாவின் சட்டையை இஸ்திரி போட்டான். வேலை போய், கல்யாணம் நின்று, போன இடமெல்லாம் திருடன் என்று கதவைச் சாத்த, இந்த வீட்டில் ஒதுங்கியவன். மாமாதான் தெய்வம் என்று பார்ப்பவரிடமெல்லாம் சொல்வான். அந்தப் புகழையும் மாமா பதினோரு வருஷமாகக் கூசாமல் வாங்கிக்கொண்டார்.

கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார். அவள் மடித்த துணியைக் குலைத்து மறுபடி மடித்தாள். அழவில்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

"எங்க கையெழுத்துப் போடணும்?" என்றாள்.

அவர் அவள் காலைப் பிடித்துக்கொண்டார். "அவனுக்கு மட்டும் தெரிய வேண்டாம்."

"எழுந்திரிங்க. சட்டையோட வர்றான்."

மறுநாள் அதிகாரி அவளிடம் கேட்டார். "எல்லாத்தையும் சொல்லிட்டாரா?"

"சொல்லிட்டார்."

வரைவாளருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"வேற யார்கிட்டயாவது மறைக்கிறாரா?"

"என் தம்பிகிட்ட. சொல்லிடாதேன்னு நேத்து என் காலைப் பிடிச்சார்."

அதிகாரி பேனாவை மூடினார். "அப்போ அனுமதி தர முடியாதும்மா."

"அவன்கிட்ட சொல்லிட்டா?"

"தரலாம்."

"வெளியில உக்காந்திருக்கான், சார். மாமாவுக்கு வேலை நிலைச்சிடும்னு காலையில பட்டினியா கிளம்பி வந்திருக்கான்." புருஷன் பக்கம் திரும்பினாள். "நான் சொல்ல மாட்டேன். வேலை வேணும்னா நீங்களே கூப்பிட்டுச் சொல்லுங்க. வேண்டாம்னா வீட்டுக்குப் போகலாம், அவன் உங்களைக் கும்பிட்டுக்கிட்டே இருப்பான்."

வரைவாளர் கதவைப் பார்த்தார். மேசைமேல் கிடந்த அனுமதிப் படிவத்தைப் பார்த்தார். முடிவு செய்ய அவருக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

"உள்ள வாப்பா," என்று கூப்பிட்டார்.