ஆறு அங்குலப் பலகை

காலை பதினொன்றரை மணிக்கு டின்கோவின் தொப்பியில் ஓர் ஓட்டை விழுந்தது. தொப்பி அப்போது அவன் தலையில் இருந்தது.

நிஜத் துப்பாக்கி, நிஜக் குண்டு. சுவர் சில்லுச் சில்லாகத் தெறிப்பது போல் படம் பிடிக்க ஹாலிவுட்டில் அந்த வருடங்களில் ஒரு சோம்பேறி வழி இருந்தது. பட்டாளத்தில் இயந்திரத் துப்பாக்கி சுட்டுப் பழகிய ஒருவனை கேமராவுக்குப் பக்கத்தில் உட்கார வைப்பார்கள். நடிகன் சுவரோரம் நிற்பான், அவன் தலைக்கு மேலே இவன் சுடுவான். கிராடி என்ற அந்தச் சுடுகாரன் கெட்டிக்காரன். நடிகன் உயரத்தை முன்பே அளந்து, துப்பாக்கியை அந்த மட்டத்தில் பூட்டிவிடுவான். தொப்பிக்கு மேலே நாலு அங்குலம் என்றால் நாலு அங்குலம்தான், நூல் பிசகாது. அன்றைக்கும் அவன் பிசகவில்லை. போலீஸ்காரனாக நடிக்க வந்தவன் ஆறடி உயரம் இருந்தான். அவன் எதிரில் டின்கோ குள்ளமாகத் தெரிவானே என்று, கடைசி நிமிஷத்தில் டைரக்டர் ஹாலிஸ் ஆறு அங்குலப் பலகை ஒன்றை டின்கோவின் காலடியில் போடச் சொன்னான். அதைக் கிராடியிடம் சொல்ல அத்தனை பேரில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

கிராடி ஓடிவந்து தொப்பியைக் கையில் வாங்கிப் பார்த்தான். வாங்கிய கை நடுங்க ஆரம்பித்தது, நிற்கவே இல்லை. ஹாலிஸோ கேமராக்காரனைப் பார்த்துக் கத்தினான்.

"தொப்பி பறந்துச்சே, புடிச்சியா?"

"பிலிம் சிக்கிக்கிச்சு சார்."

"அட பாவி! சரி, சாப்பாட்டுக்கு அப்புறம் இன்னொரு தடவை போலாம். சுவரு இன்னும் கிட்டக்க தெறிக்கணும். அப்பதான் பாக்கறவன் நாற்காலிய விட்டு எந்திரிப்பான்."

இன்னும் கிட்டக்க வேண்டுமாம். டின்கோவுக்கு உடம்பெல்லாம் தீப்பிடித்தது போல் இருந்தது. பயம் வந்திருந்தால் உட்கார்ந்திருப்பான். வந்தது கோபம், அதனால் நேராக முதலாளியைப் பார்க்க நடந்தான்.

போஸ்டர்களில் அவன் பெயர் ரிக் பாரட். பெற்றவர்கள் வைத்தது டின்கோ பார்பரிச். பிட்ஸ்பர்க் இரும்பாலையில் உலை முன்னால் நின்றவன். எட்டு வருடத்தில் இருபத்திரண்டு படம், இருபத்திரண்டிலும் ரவுடி, இருபத்திரண்டிலும் சாவு. சர்ச் படிக்கட்டில் செத்தான், முடிவெட்டும் நாற்காலியில் செத்தான், கரி லாரிக்கு அடியில் செத்தான். கெட்டவன் கடைசியில் செத்தே ஆக வேண்டும், அதுவும் முகம் தெரியச் சாக வேண்டும், இல்லாவிட்டால் படம் வெளியே போகாது என்பது தணிக்கைக்காரர்களின் சட்டம். ஐந்தடி நாலு அங்குலம் இருந்த அவன் அந்த எட்டு வருடமும் பலகை மேல்தான் நடந்தான், பலகை மேல்தான் காதலித்தான். செத்து விழும்போதுதான் தரையைத் தொட்டான்.

முதலாளி பிரெஸ்காட் ஸ்டுடியோ சாப்பாட்டு அறையில் மாட்டுக்கறி வறுவலை வெட்டிக்கொண்டிருந்தான். டின்கோ தொப்பியைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான்.

"சுவத்துல சின்னச் சின்னதா ஓட்டை போட்டு, மருந்து அடைச்சு, கம்பிய இழுத்து வெடிக்க வைக்கலாம் சார். எவன் மேலயும் குண்டு வராது."

"எத்தனை நாள் புடிக்கும்?"

"ரெண்டு நாள்."

"ரெண்டு நாளா! ஏம்ப்பா, நாடே உன்னப் பாத்து நடுங்குது. நீ ஒரு துப்பாக்கியப் பாத்து நடுங்கறேன்னு வெளிய தெரிஞ்சா சிரிக்க மாட்டாங்க?" பிரெஸ்காட் ஓட்டையில் விரலை விட்டுப் பார்த்தான். "இதைத் தூக்கிப் போட்டுடாத. தியேட்டர் வாசல்ல கண்ணாடிப் பெட்டியில வெச்சா கூட்டம் அள்ளும்."

"நான் அங்க நிக்க மாட்டேன்."

"நிக்காத. உன் டூப் நிப்பான். முதுகக் காட்டிக்கிட்டு நிக்கறதுக்கு யாரா இருந்தா என்ன? ஹாலிஸ் போன்ல எல்லாம் சொல்லிட்டான், அவனையும் கேட்டாச்சு, சரின்னுட்டான். சாகறதுக்கு மட்டும் நீ வந்து விழு. அதுக்கு உன் மூஞ்சி வேணும்."

டூப் யோசோ, அதே ஊர், அதே உலை. டின்கோதான் அவனைக் கூட்டிவந்தான். ஒரே உயரம், ஒரே தோள். லைட் வைக்கிற வரைக்கும் நாயகன் இடத்தில் யோசோ நின்று வெந்துகொண்டிருப்பான். கேமரா ஓடும்போது நகர்ந்துகொள்வான். ஒப்பனை அறைக்கு டின்கோ ஓடியபோது யோசோ அவனுடைய கோட்டைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றிருந்தான்.

"கழட்டுடா அத."

"எதுக்கு? எனக்கும் அளவாத்தானே இருக்கு?"

"காலையில குண்டு எங்க போச்சுன்னு பாத்தியா இல்லையா?"

"தொப்பியில போச்சு. தலையிலயா போச்சு? பலகை விஷயத்த சுடறவன்கிட்ட சொல்லியாச்சுன்னு ஹாலிஸ் சத்தியம் பண்றாரு."

"எவன்கிட்ட? கிராடி கை நடுங்குதுன்னு வீட்டுக்குப் போயிட்டான். புதுசா எவனோ வந்திருக்கான்."

"அப்ப அவன்கிட்டயும் சொல்லியிருப்பாங்க. பெரிய மனுஷா, எனக்குக் கொஞ்சம் வழி விடறியா?" யோசோவின் குரல் உயர்ந்தது. "இருபத்திரண்டு தடவ செத்து வீட்டுல நீச்சல் குளம் வெட்டிக்கிட்ட. எட்டு வருஷமா உனக்காக லைட்டு சூட்டுல காஞ்சுக்கிட்டு நிக்கறேன். இன்னிக்கு ஒரு நாள், கேமரா ஓடறப்ப நில்லுடான்னு என்னக் கூப்பிட்டிருக்காங்க. முதுகுதான். இருந்தாலும் என் முதுகுடா. அது உனக்குப் பொறுக்கலையா?"

அந்த வார்த்தையில் பாதி உண்மை என்று டின்கோவுக்குத் தெரியும். யோசோ ஓட்டைத் தொப்பிக்குப் பதிலாகப் புதுத் தொப்பியை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

செட்டில் பலகை அப்படியே கிடந்தது. யோசோ அதன் மேல் ஏறிச் சுவரைப் பார்த்து நின்றான். புதிய சுடுகாரன் துப்பாக்கியை முன்பே மட்டம் பார்த்துப் பூட்டியிருந்தான். ஹாலிஸ் அவனிடம் குனிந்து ஏதோ சொல்லிவிட்டுக் கையைத் தூக்கினான். அந்தக் கை கீழே வருவதற்குள் டின்கோ உள்ளே பாய்ந்தான். யோசோவைச் சட்டையோடு பிடித்து இழுத்து ஓரத்தில் தள்ளினான். தொப்பியைப் பிடுங்கித் தன் தலையில் கவிழ்த்தான். பலகையை உதைத்தான், அது செட்டைத் தாண்டிப் போய் விழுந்தது.

"என்னய்யா பண்ற? குள்ளமாத் தெரிவே!" என்று ஹாலிஸ் அலறினான்.

"குள்ளன்தான்யா நான்! சுடச் சொல்லு!"

முதுகைக் காட்டவில்லை. துப்பாக்கிக்கு நேராக முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றான். ஹாலிஸ் ஒரு நிமிஷம் யோசித்தான், நாயகனே முகம் காட்டி நிற்கும்போது விடுவானா? கை இறங்கியது. சுவர் வெடித்தது, காது அடைத்தது, சுண்ணாம்பும் செங்கல்லும் தோளில் கொட்டின. டின்கோ கண்ணைக்கூட மூடவில்லை. துப்பாக்கி நின்றது. இப்போது அவன் சரிந்து விழ வேண்டும்.

விழவில்லை.

"விழு! விழுய்யா! பிலிம் ஓடுது!"

அந்த நொடியில்தான் டின்கோவுக்கு உறைத்தது. இருபத்திரண்டு படமாக இவர்களுக்குத் தன்னிடமிருந்து தேவைப்பட்டது ஒன்றே ஒன்று. அவன் சிரித்துவிட்டான்.

"நான் இன்னிக்கு சாகலை."

பிரெஸ்காட் வாயைத் துடைத்த துணியோடு ஓடிவந்தான். வேலையிலிருந்து நிறுத்திவைப்பேன் என்றான், ஒப்பந்தம் என்றான், கோர்ட் என்றான். டின்கோ இடிந்த சுவரில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"நிறுத்தி வைங்க. அப்புறம் யாரு சாவா? என் மூஞ்சி சாகாம தணிக்கைக்காரன் படத்த விடுவானா? இனிமே இந்த ஸ்டுடியோவுல எந்த மனுஷன் நிக்கற பக்கமும் நிஜக் குண்டு போடறதில்லைன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. டூப்போ, துணை நடிகனோ, எவனா இருந்தாலும். அப்புறம் நான் சாகறேன், உங்களுக்குப் புடிச்ச மாதிரி அழகா."

"உன் வாழ்க்கை முடிஞ்சுதுடா."

"போடுங்க கையெழுத்த."

ஒன்றரை மணி நேரம் அத்தனை லைட்டும் வீணாக எரிந்தது. கடைசியில் பிரெஸ்காட் வசனத்தாளின் பின்பக்கத்தில் எழுதிக் கையெழுத்திட்டான். டின்கோ அதை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, ஒரே டேக்கில் செத்தான்.

பிரெஸ்காட்டும் சொன்னதைச் செய்தான். அதற்குப் பின் டின்கோவுக்கு ரவுடி வேடமே வரவில்லை. கோட்டு வாங்கி மாட்டும் வேலைக்காரன், குழந்தைகளிடம் அடி வாங்கும் கோமாளி என்று வந்தன. மாட்டேன் என்ற ஒவ்வொரு தடவையும் நிறுத்தி வைத்தார்கள், நிறுத்திய நாளையெல்லாம் ஒப்பந்தத்தின் வாலில் ஒட்டினார்கள். வீட்டில் சும்மா உட்கார்ந்து எரிந்துகொண்டிருந்தான். அதைவிட எரிச்சல், யோசோ அவனோடு பேசுவதை நிறுத்தியது. ஸ்டுடியோவில் வேறு நாயகனுக்கு டூப்பாகப் போய்விட்டான்.

நாலு மாதம் கழித்து ஒரு மத்தியானம் யோசோ வாசலில் வந்து நின்றான்.

"படம் வந்திருக்கு. வா, நான் நிக்க வேண்டிய எடத்துல நீ என்னத்த நின்னு கிழிச்சேன்னு பாக்கலாம்."

தியேட்டர் வாசலில் கண்ணாடிப் பெட்டி, அதற்குள் ஓட்டைத் தொப்பி. 'உண்மைக் குண்டு! பயமறியாத பாரட்!' என்று அட்டை. டின்கோ எட்டிப் பார்த்தபோது பின்னால் இருந்தவன், "தள்ளுய்யா குள்ளா, பாரட் தொப்பிய நாங்களும் பாக்கணும்ல" என்று இடித்தான். யோசோ கெக்கலித்துச் சிரித்தான். டின்கோ பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே போனான்.

கடைசிக் காட்சி வரைக்கும் யோசோ வேர்க்கடலை மென்றபடி ஏதாவது நொட்டை சொல்லிக்கொண்டே இருந்தான். சுவர் வந்தது. அதன் முன்னால் நிஜ உயரத்தில் டின்கோ, அந்த முகம். குண்டுகள் வரிசையாகச் சுவரைக் கிழித்துக்கொண்டு போயின, அவன் தொப்பிக்கு மேலே. இரண்டே விரல்கடை மேலே.

மெல்லும் சத்தம் நின்றது. யோசோ தன் விரல்களை விரித்துத் திரையை நோக்கிப் பிடித்தான். பலகையின் உயரம் அவனுக்குக் கைப்பழக்கம், எட்டு வருடம் தூக்கிப் போட்டிருக்கிறான். பலகை மேல் நின்றிருந்தால் அந்தக் குண்டு வரிசை எங்கே வந்திருக்கும் என்று அளந்தான். அந்த விரலைக் கொண்டுவந்து தன் இரண்டு புருவத்துக்கும் நடுவில் வைத்தான்.

"அந்தப் புது ஆளுகிட்ட சொல்லவே இல்லடா," என்றான். "கிட்டக்க சுடுன்னு மட்டும்தான் சொல்லியிருக்கான். பலகையப் பத்தி சொல்லவே இல்ல."

திரையில் டின்கோ செத்து விழுந்தான், ஜனங்கள் கைதட்டினார்கள். யோசோ எழுந்து போனான். சற்றைக்கெல்லாம் வாசலில் கண்ணாடி நொறுங்கும் சத்தம் கேட்டது.

டின்கோ ஓடிப்போய்ப் பார்த்தபோது யோசோவின் முழங்கையிலிருந்து ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது, கையில் தொப்பி. தியேட்டர் மேனேஜர் அவன் சட்டையைப் பிடித்திருந்தான்.

"யாருய்யா நீ? யாரு நீ?"

"இது மாதிரி ஒண்ணப் போட்டுக்கிட்டு செத்துப்போயிருக்க வேண்டியவன்," என்றான் யோசோ.