முக்காலி உயரத்துக் குளிர்

1
இந்தக் கதை என் மண்டையில் உதிக்கவில்லை. கால் கட்டைவிரலில் உதித்தது. குளிரில் விறைத்த அந்த விரலை ஒரு கதாபாத்திரத்துக்கு மாட்டிவிட்டால் எனக்குச் சூடு பிறக்குமா என்று பார்த்தேன். பிறக்கவில்லை. கதைதான் பிறந்தது.

முதல் தொடக்கம்: “அந்தக் குளியலறையில் சோப்பு நுரைக்கும் முன்பே உறைந்து…”

(அடித்துவிட்டேன். யாரும் நம்பமாட்டார்கள். அங்கே கொட்டாவி விட்டால் அது கீழே விழுந்து உடையும் என்பதுதான் உண்மை.)

2
ஓய்வுபெற்ற நெட்டையர் ஒருவர். மனைவி அவர் தோளுக்கும் எட்டமாட்டாள். முழங்கால் வலியால் முக்காலியில் உட்கார்ந்துதான் குளிப்பாள். அவளுக்காகக் குளியலறைச் சுவரில், அறையைச் சூடாக்கும் மின்சார ஹீட்டர் வைத்தார். வயர் இழுத்தது எலக்ட்ரீஷியன்; உயரத்துக்குக் குறி போட்டது இவர். சுவிட்ச் கதவுக்கு வெளியே. கீழே நின்று பார்த்தார். வழுக்கையில் இளவெயில்போல் சூடு. தனக்குத்தானே சபாஷ் போட்டுக்கொண்டார்.

தினமும் அவள் குளிக்கும்போது கதவருகே நின்று கேட்பார்:

“எப்படிம்மா இருக்கு?”

“ஐயோ, வேர்க்குதுங்க! விசிறி இருந்தா குடுங்க.”

சூடு தாங்காமல் மூலைச் சிலந்தி வீடு மாற்றிவிட்டது என்று தெருவெல்லாம் அளந்தார்.

3
ஒரு மனிதருக்கு இவ்வளவு நாள் தெரியாமலா போகும்? எனக்கே சந்தேகம்தான். ஆனால் நின்றே குளிப்பவருக்குத் தெரியாமல் போகும்.

ஒருநாள் அவர் குளிக்கையில் சோப்பு நழுவியது. எடுக்கக் குனிந்தார், முதுகு பிடித்துக்கொண்டது, அப்படியே முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். சூடு தலைக்கு மேலே, வேறு யாரையோ பார்க்கப் போவதுபோல் போய்க்கொண்டிருந்தது. கீழே பழைய குளிர், இம்மி குறையாமல்.

குளிர்காலம் முழுக்க அவள் இங்கே உட்கார்ந்துதான் ‘வேர்க்குதுங்க’ என்றிருக்கிறாள்.

(கண் கலங்கினார் என்று எழுதினேன். இல்லை. காது மடல் சிவந்தது. முக்காலியைப் பார்க்கவே கூசியது.)

4
ஹீட்டரைக் கீழே சாய்க்க இரண்டு திருகாணியைத் தளர்த்தினால் போதும். ஆனால் சாய்த்தால், அவள் சொன்ன பொய் அவருக்குத் தெரிந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்துவிடும். சாய்க்காவிட்டால் நடுங்கிக்கொண்டே பாராட்டுவாள்.

முடிவு ஒன்று: அவள் வெளியே போன நேரம் சாய்த்துவிட்டு, “தானா சரிஞ்சிருக்கு” என்கிறார். (கோழைத்தனம். எனக்குப் பிடித்த முடிவு.)

முடிவு இரண்டு: அவள் காலில் விழுகிறார். (அந்த முதுகோடு விழுந்தால் தூக்கிவிட ஆள் வேண்டும்.)

மறுநாள் அவள் உள்ளே போனாள். சுவிட்சைப் போட்டார். கையில் திருப்புளி. வழக்கம்போல் கதவருகே நின்றார். உள்ளே தண்ணீர்ச் சத்தம் நின்றது.

“என்னங்க, அங்கதானே இருக்கீங்க?”

“ம்.”

“இன்னிக்கு ஏன் கேக்கலை?”

நான் எழுதினால் அவருக்கு நல்ல வசனமாகக் கொடுத்துவிடுவேன். அவருக்கு அந்தத் தகுதி இல்லை. பதிலை நீங்களே சொல்லுங்கள். ரொம்ப யோசிக்காதீர்கள். அவள் ஈர உடம்போடு உட்கார்ந்திருக்கிறாள்.