வாசலில் கட்டிய நாய்

நாயின் மூக்கு வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்துவிட்டது. உடம்பு இன்னும் வெளியேதான். கடையில் மைசூர்ப் பருப்பை நிறுத்துக்கொண்டிருந்த ஜலீலா கரண்டியைக் கீழே வைத்தாள். இன்றைக்கென்று பார்த்தா வர வேண்டும்! வெள்ளிக்கிழமை. கணவர் நூர்தீன் ஜும்ஆத் தொழுகைக்குப் போய்விட்டார், கைபேசியை அணைத்து வைத்திருப்பார். அவர் வந்து ஆட்டுக்கால் வெட்டித் தரட்டும் என்று வாடிக்கைக்காரி சாரா உம்மா இறைச்சி மேசைக்கு முன்னால் காத்து நிற்கிறாள். டண்டினொங் புறநகரில் இத்தனை கடை இருக்க, இந்த நாய்க்கு இந்தக் கடைதானா கிடைத்தது?

போன குளிர்காலத்தில் பட்டது போதாதா? கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு வெள்ளைக்காரர் பெரிய நாயொன்றோடு வந்தார். நாய்க்கு அனுமதி இல்லை என்று கதவில் ஒட்டியிருந்த அறிவிப்பை ஜலீலா கையால் காட்டினாள். காட்டியதோடு விட்டாளா, "ரீட், ரீட்" என்று வேறு சொன்னாள். கண் தெரியாத மனிதரிடம்! அவர் புகார் கொடுத்து, ஒரு மாதத்தில் அரசாங்கக் கடிதம் வந்தது. வழிகாட்டி நாயை மறிக்கக் கூடாதாம், சட்டமாம். அவளும் நூர்தீனும் நகரத்துக்குப் போய் ஒரு நீள மேசைக்கு இந்தப் பக்கம் இருந்து மன்னிப்புக் கேட்டார்கள். அந்த மனிதர் கத்தவில்லை. தனக்கு இது பழகிவிட்டது என்று மட்டும் சொன்னார். நாய் அவருடைய காலடியில் படுத்துக்கொண்டு ஜலீலாவையே பார்த்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது. ரயிலில் திரும்பும்போது நூர்தீன் சொன்னார்: "இன்னொரு கடிதம் வந்தா கடையைப் பூட்டிப்போட்டுப் போக வேண்டியதுதான்." அன்றிலிருந்து ஒன்றை மட்டும் அவள் மனப்பாடம் செய்து வைத்திருந்தாள். முதுகில் கைப்பிடி வைத்த வார் பூட்டிய நாய் என்றால் விடு. இல்லையென்றால் மறி.

இந்த நாய்க்குக் கைப்பிடியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. முயலளவு உடம்பு, வெள்ளைச் சடை, சிவப்புக் கயிறு. கயிற்றைப் பிடித்திருந்தவள் முப்பது வயது மதிக்கத்தக்க இந்தியத் தமிழ்ப் பெண். பார்வை நேராகத்தான் இருந்தது. ஆனாலும் யார் கண்டது?

"தங்கச்சிக்குக் கண் தெரியாதோ?" கேட்டுவிட்டு ஜலீலா நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"தெரியும்க்கா." அவள் நாலாக மடித்த தாளொன்றை நீட்டினாள். "டாக்டர் லெட்டர். என் பேரு வேதவல்லி, கிளேட்டன்ல இருக்கேன். ஆக்சிடென்ட்ல என் வீட்டுக்காரர் போனதுக்கப்புறம், தனியா கடைக்குள்ள போனா மூச்சே வராதுக்கா. இவன் கூட இருந்தா சமாளிச்சுடுவேன். எட்டு மாசமா அண்ணிதான் எல்லாம் வாங்கித் தர்றாங்க. நாளைக்கு அவங்க ஊருக்குக் கிளம்பறாங்க. இன்னைக்கு நானே ஒரு தடவை வாங்கிப் பார்த்துடணும்."

ஜலீலா கடிதத்தை இரண்டு தரம் படித்தாள். நாய் இந்தப் பெண்ணுக்கு ஆறுதல் தருகிறது என்று எழுதியிருந்தது. உள்ளே விடு என்றும் இல்லை, விடாதே என்றும் இல்லை. டாக்டரே சொல்லாமல் விட்டதை மல்லித்தூள் விற்கிறவள் எப்படித் தீர்மானிப்பது?

"புள்ள, அது நாயெல்லோ!" சாரா உம்மா சேலைத் தலைப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். "இறைச்சி விக்கிற இடத்தில இதென்ன வேலை? நான் வேற கடை பாக்கிறன்."

விட்டால் வாடிக்கை போகும். மறித்தால் கடிதம் வரும். கடைசியில் மனப்பாடம் செய்ததுதான் வாயில் வந்தது.

"கைப்பிடி இல்லாத நாயை விடேலாது தங்கச்சி. வெளியில கட்டிப்போட்டு வாங்கோ. கோவிக்காதீங்கோ. எங்களைப் பற்றி ஒண்டும் எழுதிப் போடாதீங்கோ."

"ஐயோ, அதெல்லாம் எழுத மாட்டேன்க்கா."

வேதவல்லி நாயை வாசல் கம்பியில் கட்டிவிட்டு வந்தாள். கயிறு வெளியே இருந்தது, வலது கை மட்டும் இன்னும் அதைப் பிடித்திருப்பதுபோல மூடியிருந்தது. அரிசி மூட்டைகளைத் தாண்டினாள். பருப்பு அலமாரிக்கு முன்னால் நின்றாள். நின்றவள் நின்றவள்தான். உதடு வெளுத்துப்போய், தோள் ஏறி ஏறி இறங்கியது. வெளியே நாய் முனகியது. ஜலீலா கைபேசியை எடுத்தாள், திரும்ப வைத்தாள். தண்ணீர் கொடுப்பதா, ஆம்புலன்ஸைக் கூப்பிடுவதா? சட்டப்படி சரியாகத்தானே செய்தாள்! சரியாகச் செய்தும் ஒருத்தி கண் முன்னால் மூச்சுக்குத் தவிக்கிறாளே, யா அல்லாஹ்!

"மாமி, அந்தப் பிள்ளையைப் பாத்துக்கொள்ளுங்கோ," என்று சாரா உம்மாவிடம் சொல்லிவிட்டு வெளியே ஓடினாள்.

பிறந்ததிலிருந்து அவள் ஒரு நாயைத் தொட்டதில்லை. முடிச்சை அவிழ்த்தாள், கண்ணை இறுக்க மூடிக்கொண்டு நாயைத் தூக்கினாள். உள்ளே கொண்டுபோகவில்லை. வாசலுக்கு வெளியே நிற்கிற நாயைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. பருப்பு அலமாரிக்கு நேரேயிருந்த கண்ணாடி ஜன்னலில் அதை உயர்த்திப் பிடித்தாள். நாய் திரும்பி அவளுடைய மணிக்கட்டை ஈரமாக நக்கியது. நாயின் எச்சில் பட்டால் மார்க்கப்படி ஏழு தரம் கழுவ வேண்டும், அதில் ஒரு தரம் மண் போட்டு. பின்கதவோரம் கறிவேப்பிலைச் சாடியில் மண் இருக்கிறது. எல்லாம் பிறகு பார்க்கலாம். முழங்கையால் கண்ணாடியைத் தட்டினாள்.

வேதவல்லி திரும்பினாள். நாயைப் பார்த்தாள். கொஞ்சம் கொஞ்சமாக மூச்சு இறங்கியது. மூடியிருந்த கை திறந்து ஒரு பருப்புப் பொட்டலத்தை எடுத்தது. பிறகு அடுத்த அலமாரியைப் பார்த்தாள். அது நாலு எட்டுத் தள்ளி இருந்தது. தயங்கித் தயங்கி நடந்தாள்.

ஜலீலாவும் அடுத்த ஜன்னலுக்கு ஓடினாள். அங்கே உள்பக்கமாக ஒட்டிய தொலைபேசி அட்டை விளம்பரம் கண்ணாடி முழுவதையும் மறைத்திருந்தது. ஒட்டியவள் அவளேதான். அந்தப் பக்கம் வேதவல்லி நிற்கிறாளா, விழுந்துவிட்டாளா? ஒன்றும் தெரியவில்லை. "மாமி! மாமி!" என்று கண்ணாடியைத் தட்டினாள். நாயின் நெஞ்சு அவள் உள்ளங்கைக்குள் படபடவென்று அடித்தது.

விளம்பரத்தின் ஒரு மூலை அசைந்தது. சேலைத் தலைப்புச் சுற்றிய ஒரு கை, நகத்தால் காகிதத்தைச் சுரண்டிச் சுரண்டிக் கிழிக்கத் தொடங்கியிருந்தது.